யாசெனில் முதல் லைன் காலியில்லை

திஹோமிர் தன் வாழ்க்கையில் யாரையும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் முறை கேட்டதே அபூர்வம். மனைவி யாகொதாவைக்கூட அவன் கேட்டுக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் அவன் வீட்டு ஸ்லாவாவுக்கு யாரோ ஒரு சிநேகிதியோடு வந்தாள். அடுத்த வருஷம் தனியாக வந்தாள். மூன்றாம் வருஷம் நேராகச் சமையலறைக்குள் போய், சாலட்டில் உப்பு போதவில்லை என்று சொல்லி, டப்பா எங்கே என்று யாரையும் விசாரிக்காமல் தானே எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்லாவா என்றால் குடும்பத்துப் புனிதரின் நாள். திஹோமிர் வீட்டில் அதற்கு மித்ரோவ்தான் என்று பெயர், நவம்பர் எட்டாம் தேதி. ஸ்லாவாவுக்கு ஆண்டுதோறும் அழைப்பதில்லை. ஒரு தடவை "வாங்க" என்று சொன்னால் அது ஆயுளுக்கும் செல்லும். மறுவருஷம் போய் "வருவீங்கதானே" என்று கேட்டால், போன வருஷம் சொன்னது ஒப்புக்குச் சொன்னது என்று ஆகிவிடும். வந்தவர்களிடம் எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்பதில்லை. வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரவே கூடாது, விளக்கேற்றியதிலிருந்து கடைசி ஆள் போகும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். திஹோமிருக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் இருபது மித்ரோவ்தான்கள் நின்றே கழிந்தவை.

இப்படிப்பட்ட மனிதனைக் கூப்பிட்டுத்தான், அனுமதி கேட்கிற பொத்தான் ஒன்றைச் செய்து தா என்றார்கள்.

சொன்னவன் ஒப்ராத், பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். உஷிட்ஸே ஊரில் ரொட்டிக்கடை ஒன்றின் மாடியில் நான்கு பேரை வைத்துக்கொண்டு விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தான். காலையில் கீழேயிருந்து லெபிஞா வாசனை வரும். முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுட்ட அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் பதினோரு மணிவரைக்கும் நால்வருக்கும் கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடு. அதற்குப் பிறகு வேலை செய்வார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது ஒரு ரயில் விளையாட்டு. எதையும் இறக்கி நிறுவ வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும், உஷிட்ஸேயிலிருந்து மலைகளையும் சுரங்கங்களையும் தாண்டிக் கடற்கரையிலுள்ள பார் துறைமுகம்வரை உண்மையான நேரக் கணக்கில் ரயில் ஓட்டலாம். ஐந்து மணி நேரம் ஓட்டுவார்கள். இதற்கு நாலாயிரம் பேர் இருந்தார்கள் என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் எஞ்சின் உண்டு, ஓடும் பாதை எல்லோருக்கும் ஒன்றேதான். யாருடைய எஞ்சின், எந்த ஸ்டேஷனில் எந்த லைனில் நிற்கிறது என்பதெல்லாம் பிளாக்செயினில் பதிவாகும். ஒப்ராத் இதை விளக்க ஆரம்பித்தால் ஒரு பாட்டில் ராக்கியாச் சாராயம் தீர்ந்துவிடும். விஷயம் இவ்வளவுதான்: எல்லோரும் படிக்கலாம், யாரும் அழிக்க முடியாத ஒரு பதிவேடு அது. எஞ்சினின் சாவி ஆட்டக்காரரின் வாலட்டில் இருக்கும். வாலட் என்பதும் பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான். சாவியுள்ளவர் சொன்னால் எஞ்சின் நகரும், இல்லாவிட்டால் நகராது. "உங்கள் எஞ்சினை எங்களால்கூட நகர்த்த முடியாது" என்று ஒப்ராத் பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டிருந்தான். அப்படிப் பெருமைப்படுகிற வியாபாரத்தை அவன் ஒருவனிடம்தான் பார்க்கலாம்.

விளையாட்டையும் வாலட்டையும் கோக்கிற கொக்கிதான் திஹோமிர் செய்த பொத்தான். வெப் காம்பொனென்ட் என்பார்கள் அதை. விளையாட்டின் பக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், "வாலட்டை இணை" என்று ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரயில் விளையாட்டில் மட்டுமல்ல, உலகத்தில் எந்த பிரவுசர் விளையாட்டிலும் அதைச் செருகலாம். அமுக்கினால் வாலட் திறந்து ஆட்டக்காரரைக் கேட்கும்: இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் எஞ்சினை ஓட்டலாமா? ஓட்டலாம் என்றால் அந்த அனுமதி அங்கேயே தங்கிவிடும், ஒவ்வொரு சிக்னலுக்கும் வாலட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்த அனுமதி எதுவரைக்கும் செல்லும் என்று எழுத ஓர் இடம் இருந்தது. திஹோமிர் அதைக் காலியாக விட்டான். மறதி இல்லை. ஒருவரை உள்ளே வா என்று சொல்லிவிட்டு எதுவரைக்கும் இருப்பாய் என்று கேட்பதாவது என்று அவன் கை தானாக அந்த இடத்தைத் தாண்டிப் போனது. வேலையைச் சரிபார்த்த மற்ற மூன்று பேருக்கும் அது குறையாகப் படவில்லை. அவர்கள் வீட்டிலும் ஸ்லாவா உண்டு.

பொத்தானை முதன்முதலில் அமுக்கியவர் க்வொஸ்தென். திஹோமிர் குடியிருக்கும் கட்டடத்திலேயே நான்காம் மாடி. பார் லைனில் முப்பத்தொரு வருஷம் 461 வகை எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். திஹோமிர் பிறந்ததிலிருந்து அவரை மாமா என்றும் அவர் மனைவி ரொசாந்தாவை அத்தை என்றும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். விளையாட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி க்வொஸ்தெனைக் கூட்டிவந்தார்கள். அவர் முழுப்பாதையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பதினேழு சிக்னல்கள் தப்பு என்று எழுதிக் கொடுத்தார். பதினெட்டாவதாக ஒன்றை வாயால் சொன்னார். யாசெனைக் காணோம்.

யாசென் மலைமேல் இரண்டே லைன் உள்ள சின்ன ஸ்டேஷன். அங்கே எக்ஸ்பிரஸ் நிற்காதே மாமா, அதனால்தான் விட்டுவிட்டோம் என்றான் திஹோமிர்.

"நிக்காது," என்றார் க்வொஸ்தென். "ஆனா இருக்கு."

சேர்த்தார்கள். அவர் செய்த உதவிக்கு நன்றியாக விளையாட்டின் முதல் எஞ்சினை, ஒரு 461-ஐ, அவர் பேருக்கே பதிந்து கொடுத்தார்கள். வாலட்டை அவர் வீட்டுச் சமையலறைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொடுத்தவன் திஹோமிர்தான். ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளச் சொன்னான். அது மறந்துபோனால் மீட்க வாலட் பன்னிரண்டு சொற்கள் தரும், அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னான்.

"உங்க அத்தைகிட்ட?" என்று கேட்டார் க்வொஸ்தென்.

"அவங்ககிட்டகூட வேணாம் மாமா."

"முப்பத்தொரு வருஷம் ரயில்வேல இருந்தேன், மறைச்சு வெக்க ஒரு ரகசியம் கிடைக்கல. இப்பதான் ஒண்ணு வந்திருக்கு," என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

விதி என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் விதியை மீற மாட்டார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சினை எடுப்பார். ரொசாந்தா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சிக்னல் சொல்லுவாள். ரயில்வேயில் அவளும் வேலை பார்த்தவள்தான். யாசெனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்கும் பேப்பருக்கும் நடுவில் க்வொஸ்தென் செத்துப்போனார். பன்னிரண்டு சொற்களும் அவரோடு போயின.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் ரொசாந்தா திஹோமிரைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைத் திறக்க முடியுமா என்றாள். கடவுச்சொல்லோ அந்தப் பன்னிரண்டு சொற்களோ இல்லாமல் கடவுளால்கூட முடியாது என்று அவன் சொல்ல வேண்டியதாயிற்று. அலமாரி, பழைய டைம்டேபிள் புத்தகங்கள், சீருடைக் கோட்டின் உள்துணி எல்லாவற்றையும் இருவரும் தேடினார்கள். கோட்டுப் பையில் பன்னிரண்டு சொற்கள் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. வெங்காயம், உப்பு, பேட்டரி, எலிமருந்து என்று ஆரம்பித்தது. அது கடைப்பட்டியல் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் திஹோமிர் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். வாலட் மறுத்தது. ரொசாந்தா அவனுக்கு ஒரு ராக்கியா ஊற்றிக்கொடுத்து, சரி போ என்றாள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் அலுவலகத்தில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், க்வொஸ்தெனின் முதல் எஞ்சின் நாலு மணிக்கு உஷிட்ஸேயை விட்டுக் கிளம்பியிருப்பதைக் கண்டான். முந்தின நாளும் கிளம்பியிருந்தது. அதற்கு முந்தின நாளும். முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். பிறகு விளங்கியது. வாலட் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கிறது. பொத்தான் ஒரு தடவை கேட்டதோடு சரி, மறுபடி கேட்கவேயில்லை. கிழவி எஞ்சின் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

திஹோமிர் யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ரொசாந்தா வானிலையைப் பற்றிப் பேசுவாள், அவனும் வானிலையைப் பற்றிப் பேசுவான். நாலு மணிக்கு அலுவலகத்தில் ஒருமுறை எட்டிப் பார்ப்பான், வண்டி கிளம்பியிருக்கும். கிளம்பியதென்றால் நான்காம் மாடியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் நாலே நாலு நாள்தான் கிளம்பவில்லை, அப்போது யாகொதா கோழி சூப் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

இந்த வருஷம் செப்டம்பரில் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியது. வேறு பதினோரு விளையாட்டுக்காரர்கள் திஹோமிரின் பொத்தானைத் தங்கள் விளையாட்டிலும் செருகிக்கொள்ள விரும்பினார்கள். அதற்கு முன்னால் வெளியாட்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ல்யூப்லியானா என்ற வெளிநாட்டு ஊரிலிருந்து இரண்டு பேர் சோதித்தார்கள். அவர்களுக்கு ஸ்லாவா கிடையாது. ஆறாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: கொடுத்த அனுமதிக்கு முடிவே இல்லை.

அதே வாரம் சாச்சக் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. அவர் தன் பழைய லேப்டாப்பை விற்றிருக்கிறார். வாங்கியவன் திறந்து பார்த்திருக்கிறான், விளையாட்டு எதுவும் கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறது. எஞ்சினை எடுத்துக் கடற்கரைத் துறைமுகம்வரை ஓட்டிப்போய், கடலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு மூடிவிட்டான். வாலட் சாவி சாச்சக்காரரிடமே இருந்ததால் அவர் எஞ்சினைத் திரும்ப ஓட்டிவந்துவிட்டார். ஐந்து மணி நேரம் ஆனதாம். எஞ்சின் போனதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை, தன்னைக் கேட்கவில்லையே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒப்ராத் அறிக்கையின் ஆறாம் பக்கத்தைத் திஹோமிர் முன்னால் வைத்தான்.

"எதுவரைக்கும்னு ஒரு எடம் இருந்துச்சே, அத ஏன்டா காலியா விட்ட?"

"கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"வாலட்டுகிட்ட கேக்கவா?"

"ஆமா."

ஒப்ராத் இருபத்தைந்து வருஷமாக அவன் வீட்டு ஸ்லாவாவில் சாப்பிடுகிறவன் ஆகையால் அறிக்கையை மூடிவிட்டு நாள்காட்டியை எடுத்தான். இனிமேல் அனுமதி முப்பது நாளைக்கு, அதற்குப் பிறகு வாலட்டை மறுபடி கேட்க வேண்டும், பழைய அனுமதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ரத்து, நாள் நவம்பர் பத்து திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்று முடிவாயிற்று.

திஹோமிர் அதை அரைநாளில் எழுதி முடித்தான். முடித்த பிறகுதான் அவனுக்கு ரொசாந்தா ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் நான்காம் மாடிக் கம்ப்யூட்டரும் வாலட்டைக் கேட்கும். வாலட் க்வொஸ்தெனின் கடவுச்சொல்லைக் கேட்கும். 461 அதோடு நின்றது நின்றதுதான். அது ஒன்றை மட்டும் விட்டுவைக்க வழியுண்டா என்று இரண்டு நாள் யோசித்தான். எழுதியவன் அவனே ஆகையால் வழியில்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

அவளிடம் போய்ச் சொல்லிவிடு என்றாள் யாகொதா. சொல்லலாம், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்றான் அவன். மித்ரோவ்தான் சனிக்கிழமை வருகிறது, அத்தை எப்படியும் வருவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றான். இந்த ஆள் வாயைத் திறந்து கேட்காமலே இவனிடம் வந்து சேர்ந்தவள் தான் என்பதை யாகொதா மறந்தவளல்ல. அதனால் சரி என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ரொசாந்தா வந்தாள். மணியை அடிக்கவில்லை, எப்போதும் அடித்ததில்லை. காப்பிப் பொட்டலத்தையும் ஒயின் பாட்டிலையும் வைத்துவிட்டு, வாசலில் புனிதருக்காக வைத்திருந்த வெந்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, சிலுவை இட்டுக்கொண்டு, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் போன வருஷம்போலவே இந்த வருஷமும் யாரும் உட்காரவில்லை. எதிரே ஒப்ராத் பதினோரு விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பன்றி வறுவலைத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

திஹோமிர் சொல்லிவிடலாம் என்று அவளருகே போனான், சொல்ல வரவில்லை, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சார்மா இரண்டு வைத்துவிட்டு வந்தான். கால் மணி நேரம் கழித்து மறுபடி போனான், மறுபடி இரண்டு. மூன்றாம் தடவை தட்டோடு வந்து நின்றபோது ரொசாந்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திஹோ, முதல்ல வெச்சத சாப்பிட்டேன். ரெண்டாவது வெச்சதயும் சாப்பிட்டேன். இது யாருக்கு?"

"அத்தை, திங்கக்கிழமை..."

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. படிச்சேன். பத்து நாளா திரையில போட்டிருக்கீங்க. ரயில்வேல இருந்தவ அறிவிப்ப படிக்க மாட்டாளா?"

திஹோமிர் தட்டைப் பிடித்தபடி நின்றான். உட்கார முடியாத நாள் வேறு.

"நான் ஓட்டறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"மொத மாசத்துலருந்தே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்க."

ரொசாந்தா அதை மறுக்கவில்லை. ஒரு சார்மாவை வெட்டினாள், ஆனால் சாப்பிடவில்லை. மாமாவிடம் உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான் அத்தை என்றான் திஹோமிர், இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை. தெரியும், அந்த மனிதர் ரகசியம் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் தினமும் மூன்று தடவை சொல்வார் என்றாள் அவள். பிறகு வேறு ஏதோ சங்கதி விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் வண்டி எங்க இருக்கும்?"

"நீங்க கடைசியா நிறுத்தின எடத்துல."

"அத யாராவது நகத்த முடியுமா?"

"மாமாவால முடியும்," என்றான் திஹோமிர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "வேற யாராலயும் முடியாது."

"உங்களால?"

"எங்களாலயும் முடியாது."

"விளம்பரத்துலயே போட்டிருக்கோம்," என்றான் ஒப்ராத், வாய் நிறைய வறுவலோடு. அவனுக்கு எதைப் பற்றிப் பேச்சு என்று தெரியாது.

"எத்தன நாளைக்கு?"

"எப்பவுமே அத்தை."

ரொசாந்தா அந்தச் சார்மாவை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள். தாளால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு மூணரைக்கு மேல வா. சும்மா வா, ஒண்ணும் தூக்கிட்டு வராத," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் மூடுபனி. திஹோமிர் சும்மாதான் போனான், யாகொதா கையில் திணித்த கேக் தட்டைத் தவிர. சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர். க்வொஸ்தெனின் நாற்காலியில் ரொசாந்தா உட்கார்ந்திருந்தாள். முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"சிக்னல் சொல்லு," என்றாள்.

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு 461 உஷிட்ஸேயிலிருந்து கிளம்பியது. திஹோமிர் பச்சை என்றான். அவள் பச்சை என்று திருப்பிச் சொன்னாள். சுரங்கம், பாலம், சுரங்கம். இந்த விளையாட்டை எழுதியவனே ஆனாலும் இந்தப் பாதையை முழுதாக உட்கார்ந்து அவன் பார்த்ததேயில்லை, பத்து நிமிஷத்துக்கு மேல் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. கடைசி ஓட்டம் என்பதால் கடல்வரைக்கும் போவாள், ராத்திரி ஒன்பதாகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். அல்லது பாதி வழியில் திரும்பி உஷிட்ஸே ஷெட்டில் கொண்டுவந்து விடுவாள். வீடென்றால் அதுதானே.

முப்பத்தைந்தாம் நிமிஷத்தில் ரொசாந்தா பிரேக்கைத் தொட்டாள்.

"பச்சை, அத்தை," என்றான் திஹோமிர். "அடுத்தது யாசென். அங்க நிக்காது."

"தெரியும்."

வேகம் குறைந்தது. ஐம்பது, முப்பது, பத்து. யாசெனின் சின்னக் கட்டடம் பக்கவாட்டில் வந்தது, இரண்டு ஜன்னல், ஒரு கடிகாரம், ஒரு பெஞ்ச். க்வொஸ்தென் சொன்னபடி வரைந்தது. எஞ்சின் முதல் லைனில், கட்டடத்துக்கு நேர் எதிரே, வாசலுக்கும் ஓட்டுநர் ஜன்னலுக்கும் ஓரடி வித்தியாசம் இல்லாமல் வந்து நின்றது.

ரொசாந்தா கையை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இருபத்திரெண்டு வருஷம் இந்த வாசல்ல சிவப்புத் தொப்பி போட்டுட்டு நின்னேன். வாரத்துக்கு மூணு தடவ என் புருஷன் என் முன்னாடி எழுபதுல போவாரு. கைய தூக்குவாரு. நானும் தூக்குவேன். நல்ல நாள், கெட்ட நாள், சண்ட போட்டுட்டுப் போன நாள், எல்லா நாளும். ஒரு தடவகூட நின்னதில்ல. டைம்டேபிள்ல கெடையாதே."

நிறுத்தப் பிரேக்கைப் போட்டாள். விளக்கை அணைத்தாள்.

"இப்ப நிக்கட்டும்."

திஹோமிர் அழுதான். சத்தமில்லாமல் எல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதான். ரொசாந்தா காப்பி போட எழுந்துபோனாள், அது பொங்கி வரும்வரை அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு இருவரும் யாகொதாவின் கேக்கைத் தின்றார்கள். இனிப்பு கொஞ்சம் கூடுதல் என்றாள் ரொசாந்தா.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லா அனுமதிகளும் ரத்தாயின. நாலாயிரம் வாலட்டுகள் எதுவரைக்கும் என்று கேட்டன, நாலாயிரம் பேரும் முப்பது நாள் என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அது திஹோமிருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரே ஒரு வாலட் மட்டும் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை புகார்கள் தொடங்கின. பார் லைன் ஒற்றைத் தடம். யாசெனில் முதல் லைன் அடைபட்டுவிட்டதால் ஒவ்வொரு எக்ஸ்பிரஸும் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, இரண்டாம் லைன் வழியாக ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஆறு நிமிஷம் போகிறது என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஐந்து மணி நேரத்தை வீணாக்குகிறவர்களுக்கு அந்த ஆறு நிமிஷம்தான் கண்ணில் குத்தியது. ஒப்ராத் தலையைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் அங்கேயே நிற்கட்டும், விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாமல் மற்ற வண்டிகளை உள்ளே புகுந்து போக விட்டுவிடலாம் என்றான். திஹோமிர் அவனுக்கு விளம்பரத்தைக் காட்டினான். பிறகு, அது யாருடைய எஞ்சின் என்றும் ஏன் அங்கே நிற்கிறது என்றும் சொன்னான். ஒப்ராத் கேட்டு முடித்துவிட்டு, முப்பதுக்குப் பதில் நாற்பதாகவாவது ஆக்கலாமா என்றான். யாசெனில் இரண்டாம் லைனுக்குத் திரும்பும் வளைவில் முப்பதுதான் விதி, க்வொஸ்தென் எழுதிக்கொடுத்தது என்றான் திஹோமிர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தார்கள்: அந்த 461 எப்போது கிளம்பும்? திஹோமிர் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தான். பிறகு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் வீட்டைத் தாண்டி நான்காம் மாடிக்கு ஏறினான். நாலு மணி கழிந்திருந்தது. ரொசாந்தா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓட்ட முடியாது, ஆனால் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு சரக்கு வண்டி யாசெனுக்குள் மெல்ல வந்து, நிற்கிற எஞ்சினைச் சுற்றிக்கொண்டு மெல்லப் போனது.

"எல்லாரும் கொறச்சுத்தான் போறாங்க," என்றாள் அவள்.

என்ன எழுதட்டும் அத்தை என்று கேட்டான் திஹோமிர். அவன் ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பார்கள், யாகொதாவை அவன் கட்டிக்கொண்ட கதை அறிந்தவர்கள்.

ரொசாந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் அறிவிப்பு எழுதியவள், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யாசெனில் முதல் லைன் காலியில்லை, அனைத்து வண்டிகளும் வேகத்தைக் குறைத்து இரண்டாம் லைனில் செல்லவும், என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். திஹோமிர் எழுதிக்கொண்டான்.

"எதுவரைக்கும்னு கேக்கறாங்க, அத்தை."

"அந்த எடத்த காலியா விடு," என்றாள் ரொசாந்தா.